முள் சிவப்புக்கு வந்த பிறகு

புயல் கரையேறிய மறுநாள் காலையில் ஜெயராணி காரை வெளியே எடுத்தபோது, கண்ணாடி முழுக்க முருங்கை இலை ஒட்டிக்கிடந்தது. அவள் தம்பி ராபர்ட் வாசலை அடைத்துக் கிடந்த வேப்பங்கிளையை இழுத்துப் போட்டுவிட்டு, அந்தோணிசாமியைத் தாங்கிக் கூட்டிவந்து முன் இருக்கையில் உட்காரவைத்தான். அவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு ஏறினார்.

சிறுநீரகம் இரண்டும் பழுதான நாளிலிருந்து ஜெயராணியின் கணவருக்கு வாரம் இருமுறை உள்ளூரிலேயே, கடலூரில் டயாலிசிஸ். திங்கட்கிழமை ஒருமுறை முடிந்திருந்தது. வியாழக்கிழமை போனபோது, "புயல் வருதாம், நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலை 'தானே' என்று பேர் வைத்த அந்தப் புயல் ஊரின் தலைமேலேயே ஏறிப் போனது. ஒரு கரண்ட் கம்பம்கூட நேராக நிற்கவில்லை. டயாலிசிஸ் நடக்கும் இடத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் மெஷின் ஓடுகிறது என்று ராபர்ட் விசாரித்து வந்தான். ஆம்புலன்சைக் கூப்பிட, ஊரில் எந்தப் போனிலும் உயிர் இல்லை.

"டீசல் எவ்ளோ இருக்குது?" அந்தோணிசாமி மூச்சு வாங்கியபடி கேட்டார்.

"நூத்திப்பத்து கிலோமீட்டர் ஓடும்னு காட்டுது. சிதம்பரம் அதுல பாதிகூட இல்லியே."

"முள்ளு எங்க நிக்குது?"

"கால்வாசிக்குக் கீழ."

வியாழக்கிழமை திரும்பி வரும்போதே அவர் பெட்ரோல் பங்க்கைப் பார்த்து, "போட்டுட்டுப் போயிடலாம் ஜெயா" என்றார். மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரையில் காட்டும் எண்ணைப் பார்த்து, "நாளைக்குப் போட்டுக்கலாங்க" என்று அவள்தான் சொன்னாள்.

குடிகாட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் இருபது வருஷம் வேலை பார்த்தவர் அவர். அழுத்தம், சூடு, மட்டம் என்று நாளெல்லாம் முட்களையும் விளக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்த கண். உடம்பு விழுந்த பிறகு, தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த ஜெயராணி கார் ஓட்டப் பழகினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சிவப்பு விளக்கு வந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்து. மஞ்சள் வந்தால் பதறாதே, ஆனால் தள்ளிப்போடாதே. அந்த எண்ணைப் பற்றி மட்டும் பல தடவை சொல்லியிருந்தார்: "அது டேங்க்க மட்டும் பாத்துச் சொல்றதில்ல. இதுவரைக்கும் நீ எப்படி ஓட்டினியோ, அப்படியே ஓட்டுவேன்னு நெனச்சுப் போடுற கணக்கு. ரோடு மாறுனா கணக்கும் மாறிடும். முள்ளத்தான் நம்பணும்."

ஆலப்பாக்கம் வரைக்கும் எப்படியோ வந்துவிட்டார்கள். அதற்கு மேல் சாலையே தெரியவில்லை. புளியமரங்கள் வேரோடு சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே கிடந்தன. மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்கள், "இந்தப் பக்கம் சாயங்காலம்கூட ஆவாதுங்க. குறிஞ்சிப்பாடி, வடலூர் போயி சேத்தியாத்தோப்பு வழியா சுத்திப் போயிடுங்க" என்றார்கள்.

அந்த வழியிலும் ஒரே ஓட்டமாகப் போக முடியவில்லை. முந்திரித் தோப்புகள் தரையோடு படுத்துக் கிடந்தன. நூறு அடி போவதும், நிற்பதும், ராபர்ட் இறங்கி, தொங்கிக் கிடந்த கரண்ட் கம்பியைத் தூக்கிப் பிடிப்பதும், அவள் முதல் கியரில் அடியில் நுழைவதுமாகப் பொழுது போனது. நிற்கும்போதெல்லாம் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. ஏசியும் ஓடியது. காற்று முகத்தில் பட்டால்தான் அந்தோணிசாமிக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அவரே கையை நீட்டி ஏசியை அணைத்தார்.

"என்னாங்க பண்றீங்க?"

"டீசல் போவுது. நிக்கிற எடத்துல வண்டியையும் அணைச்சிரு."

"நீங்க மூச்சு விடுங்க மொதல்ல." அவள் மறுபடியும் ஏசியைப் போட்டாள். சிறிது நேரம் கழித்து அவர் திரும்பவும் அணைத்தார். அவள் திரும்பவும் போட்டாள். அதற்குப் பிறகு அவர் கையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லையா, வேண்டாம் என்று விட்டாரா, அவளுக்குத் தெரியவில்லை.

சேத்தியாத்தோப்பு நெருங்கும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது. திரையில் முப்பத்தெட்டு. ஊருக்குள் ஒரு பங்க் திறந்திருந்தது. ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. ஆனால் கேனும் கையுமாக ஜனம் தெருக்கோடி வரைக்கும் நின்றிருந்தது. லாரி, டிராக்டர், பைக் எல்லாம் முட்டிக்கொண்டு கிடந்தன.

"நில்லு ஜெயா. வரிசையில நில்லு."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது.

"அக்கா, நான் எறங்கிப் போயி ஆள் நெலமையச் சொல்லிக் கேக்கட்டா?" என்றான் ராபர்ட்.

"கேட்டு, அவுங்க வழிவுட்டு, எப்ப ஊத்துறது? இவரு தாங்க மாட்டாருடா. இன்னும் இருபத்தஞ்சு கிலோமீட்டர்கூட இல்ல. முப்பத்தெட்டு காட்டுது."

"முள்ளப் பாரு," என்றார் அந்தோணிசாமி. "டேங்க் வத்துனா லைன்ல காத்து பூந்துரும். அப்புறம் டீசல் ஊத்தினாலும் ஸ்டார்ட் ஆவாது."

அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. பங்க் பின்னால் போய்விட்டது.

புவனகிரி வரைக்கும் சாலை நன்றாகத்தான் இருந்தது. நாம் செய்ததுதான் சரி என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஊரைத் தாண்டியதும் சாலைமேல் முழங்கால் அளவு தண்ணீர். முன்னால் போன பஸ் ஊர்ந்தது. அதன் பின்னால் இவளும் ஊர்ந்தாள். இருபத்தொன்று என்று இருந்தது பதினைந்தாயிற்று, சட்டென்று ஒன்பதாயிற்று. வண்டி அவ்வளவு தூரம் ஓடவே இல்லை. பிறகு எண்ணே போய், அந்த இடத்தில் வெறும் கோடுகள் வந்தன. கீரப்பாளையத்துக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் நெல் வயல் முங்கிக் கிடந்த இடத்தில் எஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றது. எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன.

ராபர்ட் ஊரைப் பார்த்து ஓடினான். ஜெயராணி கதவுகளைத் திறந்துவிட்டு, ஒரு பழைய காலண்டர் அட்டையால் புருஷனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டாள். "இதோ வந்துடுவான், இதோ வந்துடுவான்" என்று அவள் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

ராபர்ட் ஒரு விவசாயியுடன் டிராக்டரில் வந்தான். உத்திராபதி என்று பெயர். தன் இறைப்பு எஞ்சினுக்கு வைத்திருந்த டீசலைக் கேனோடு கொண்டுவந்திருந்தார். அதை டேங்க்கில் ஊற்றினார். அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. ராபர்ட் முன் மூடியைத் திறந்து, டீசல் குழாயில் இருந்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றப் பார்த்தான். மறுபடி திருப்பினாள். மறுபடி. ஒவ்வொரு தடவையும் சத்தம் இளைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு சொடுக்கு மட்டும் கேட்டது.

"வுடும்மா, இது ஆவாது," என்றார் உத்திராபதி. "டிரெய்லர்ல ஏத்துங்க அவர."

டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, ஈரச் சாக்கை மேலே போட்டு அவரை ஏற்றினார்கள். படுத்தால் மூச்சு முட்டியதால், ஜெயராணி அவர் முதுகைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். சாலைப் பள்ளங்களில் டிரெய்லர் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒருமுறை அவர் கண்ணைத் திறந்து, "சாவிய எடுத்தியா?" என்றார்.

"எடுத்துட்டேங்க."

"சரி."

அவர் பேசியது அதுதான் கடைசி.

ஆஸ்பத்திரியில் வராந்தாவெல்லாம் ஆட்கள். ஓடு விழுந்து மண்டை உடைந்தவர்கள், சுவர் இடிந்து கால் நசுங்கியவர்கள். ஸ்ட்ரெச்சர் கிடைத்து, மெஷின் இருக்கும் அறை வாசல் வரை கொண்டுபோனார்கள். அங்கேயே இதயம் நின்றுவிட்டது. இளம் டாக்டர் ஒருவர் மார்பை அழுத்திப் பார்த்து, ஊசி போட்டு, மறுபடி அழுத்தி, வியர்த்துப்போய் நிமிர்ந்தார்.

"ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருப்பாரா டாக்டர்?"

"இருந்திருக்கலாம்மா. இல்லாமலும் போயிருக்கலாம். சொல்ல முடியாது."

வண்டி எதுவும் கிடைக்காமல் இரவை வராந்தாவிலேயே கழித்தார்கள். மறுநாள், புத்தாண்டு அன்று காலை உத்திராபதி ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காரை ஓடவைத்து, ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து நிறுத்தினார். பின் இருக்கையில் அந்தோணிசாமியைச் சாய்த்து, ராபர்ட் பிடித்துக்கொண்டான். "நான் ஓட்டறேன்கா" என்று அவன் சொல்லியும் ஜெயராணி சாவியைத் தரவில்லை. ஆலப்பாக்கம் சாலையில் அதற்குள் மரங்களை அறுத்து வழி விட்டிருந்தார்கள். எங்கும் நிற்காமல் கடலூர் வந்து சேர்ந்தார்கள்.

சேதி பரவி, இருட்டும் வேளையில் வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சனம் கூடியிருந்தது. அந்தோணிசாமியின் அக்காள் ஆரோக்கியம்மாள், பூண்டியாங்குப்பத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். உடலைக் கிடத்தி, செபமாலை சொல்லி முடித்த பிறகு, எப்படி ஆயிற்று என்று கேட்டாள்.

ராபர்ட் முந்திக்கொண்டான். "ரோடு பூரா மரம். டீசல் எங்கியும் கெடைக்கல."

"கெடச்சுது அண்ணி," என்றாள் ஜெயராணி. "சேத்தியாத்தோப்புல பங்க் தொறந்திருந்திச்சி. அவரு நிறுத்தச் சொன்னாரு. நான் நிறுத்தல."

ராபர்ட் அவள் கையைப் பிடித்து இழுத்தான். ஆரோக்கியம்மாள் எழுந்துபோய்த் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அன்றும், அடக்கத்தின்போதும் அவள் ஜெயராணியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லறையில் எல்லோரும் மண் அள்ளிப் போடும்போது குழிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, முந்தானையில் துடைத்தபடியே கேட்டாள்: "அவன் சொன்னத கேக்கலியே நீ. அதுக்கு ஒன்ன ஏதாச்சும் சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல அண்ணி."

"திட்டியிருந்தா ஒனக்குத் தேவல," என்றாள் ஆரோக்கியம்மாள். பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். ஜெயராணி கேட் வரைக்கும் கூடவே போனாள்.