அசையாமல் போன தொட்டில் கல்

1

இந்தக் கதை ஒரு மௌனத்திலிருந்து பிறந்தது.

கிறிஸ்தவர்களின் விண்ணேற்றத் திருநாளன்று எங்கள் ஊர் ஆண்கள் வழக்கமாக கைவண்டியில் பீர்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் நடப்பார்கள். நடை தொட்டில் கல்லில் முடியும். ஒரு கருங்கல் பாறை, அதன்மேல் வைக்கோல் வண்டி அளவுக்கு இன்னொன்று. சரியாகத் தள்ளினால் மேலே இருப்பது ஆடும். தள்ளுவது ஆண்டுதோறும் ஒரே ஆள்தான், அலோயிஸ். இந்த முறை அவர் தள்ளினார்; பாறை ஆடவில்லை. கேலிக்கென்றே பிறந்த அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கையிலிருந்த புட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் கண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாக எழுதுவது. மாலை வகுப்பில் ஆசிரியை, "உங்கள் ஊர்ப் பாறை ஒன்றைப் பற்றி எழுதுங்கள்" என்றார். பாறையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் அடியில் உருகிக் கிடந்த" (நிறுத்திவிட்டேன். அப்போது அலோயிஸ் பிறந்திருக்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அலோயிஸுக்கு வயதாகிவிட்டது." (இதையும் அடித்துவிட்டேன். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இப்படித் தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும், அவரும்தான்.)

ஆகவே பாறை ஆடாததற்கு வேறு காரணம் தேடினேன். கிடைத்த காரணத்துக்கு ரோஸ்விதா என்று பெயர் வைத்தேன்.

3

ரோஸ்விதா அலோயிஸின் மருமகள். மாமனார் கல்குவாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே வீடு, ஒரே சமையல். அவள் ஊர் நடைச் சங்கத்தின் பாதைக் காவலர். மரங்களில் வழிக்குறி தீட்டுவதும், விழுந்த கிளைகளை அகற்றுவதும் அவள் வேலை. பாதுகாக்கப்பட்ட 'இயற்கைச் சின்னம்' என்று கல்லருகே நட்டிருக்கும் பச்சை விளிம்புப் பலகைக்கு இந்த வட்டாரத்தில் அவளைப் போல அஞ்சுகிறவர் கிடையாது. சென்ற கோடையில் வெளியூர்ச் சிறுமி ஒருத்தி கல்லுக்குப் பக்கத்தில் காட்டு புளூபெர்ரிப் பழம் பறித்துத் தின்றாள். ரோஸ்விதா அதைத் துப்பச் சொல்லாததுதான் பாக்கி.

குளிர்காலத்தில் அலோயிஸின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். எதையும் முக்கித் தள்ளக் கூடாது என்றார் மருத்துவர்.

"மாமா, இந்த வருஷம் கல்லை விட்டுடுங்க."

"கல்லை விட்டுட்டு அங்க எனக்கென்னம்மா வேலை? பீர் வண்டி இழுக்கவா?"

திருநாளுக்கு முந்தின மதியம் ரோஸ்விதா தனியாக மேலே போனாள். இரண்டு பாறைகளுக்கும் இடையிலிருந்த இடுக்கில் காய்ந்த மர ஆப்பு ஒன்றை அடித்து இறக்கி, மேலே பாசியைப் பரப்பினாள். முதல் தள்ளலில் ஆடாவிட்டால் தோளைக் குலுக்கிவிட்டு விலகிவிடுவார் என்பது அவள் கணக்கு.

(சந்தேகம்: இவள் இதைச் செய்வாளா? குப்பைத் தொட்டியைக்கூடத் தெருவோரத்தில் கோடு பிடித்து வைக்கிறவள். இந்தப் பத்தியைப் பலமுறை அடித்து மறுபடி எழுதினேன். பிறகு தோன்றியது: விதியை மீறிப் பழக்கமில்லாதவர்தான் மீறும்போது விளைவை அளக்கத் தெரியாமல் மீறுவார்.)

* அடிக்குறிப்பு போல ஒன்று: ஆப்பு அடிக்கும் முன் அவள் பலகையைப் போய்ப் படித்தாள். 'எந்த மாற்றமும் செய்யலாகாது' என்று இருந்தது. ஆப்பு மாற்றமா, தற்காலிக ஏற்பாடா என்று யோசித்துக்கொண்டே சுத்தியலை ஓங்கினாள்.

4

கல்லருகே நடந்தது நான் கண்டதுதான். பேச்சு மட்டும் என் நினைவிலிருந்து.

"என்னடா அலோயிஸ், காலைல ரொட்டி திங்கலியா?" என்றார் அவருடைய பழைய கூட்டாளி குண்டோல்ஃப்.

"வாயை மூடிட்டு புட்டியத் திறடா."

மறுபடி தள்ளினார். முகம் சிவந்தது. கோட்டைக் கழற்றினார். அதற்குப் பிறகு தோளைக் கொடுத்தார்.

"விடு அலோயிஸ். அதுவும் இன்னிக்கு லீவு போல" என்றார் குண்டோல்ஃப். அதற்கு யாராவது சிரித்திருக்கலாம்.

5

ஞாயிறு மதியம், காப்பி வேளை. திருநாளான வியாழன் இரவிலிருந்து விடாத மழை. ரோஸ்விதா ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பிரெல்லுக்குப் போன் போட்டுச் சொல்லிடப் போறேன். இனிமே என்னைச் சங்கத்துல சேர்த்துக்க வேணாம்னு. நடை, சீட்டாட்டம், எல்லாத்துலேர்ந்தும்" என்றார் அலோயிஸ். பிரெல் சங்கத் தலைவர்.

"ஒரு கல்லுக்காகவா மாமா?"

"உனக்குத் தெரியாதும்மா. அதுக்குப் பலமே வேணாம். மேற்கு ஓரத்துல ரெண்டு விரலை வெக்கணும். கல்லு லேசா மூச்சு விடும். அது கூடவே தள்ளணும், அவ்வளவுதான். வருஷா வருஷம் நான் முக்கினது, முனகினது எல்லாம் இவனுங்களுக்காகப் போட்ட நாடகம். இந்த வருஷம்தான் நெஜமாவே தள்ளினேன்."

கேக்கின் பாதியில் கத்தி நின்றது.

"பலம் போனா போகட்டும். கைக்கு இடமே மறந்துபோச்சு பாரு. இனி மிச்சம் என்ன இருக்கு?"

இந்த இடத்தை எழுதிவிட்டு நானே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். இரண்டு விரல் வேலை அது என்று எனக்கும் அதுவரை தெரியாது. அலோயிஸ் பேசும்போதுதான் தெரிந்தது. அவருடைய நெஞ்சைக் காக்க அவள் அடித்த ஆப்புதான் அவரைத் தோள் கொடுத்துத் தள்ள வைத்தது. அவருக்கு எதுவும் மறக்கவில்லை. அதை அறிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. சொல்லிவிடுகிறாள். அவர் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். (நம்ப முடியவில்லை. சொந்த வீட்டிலேயே தன்னைக் குழந்தையாக நடத்தினார்கள் என்று கேட்டால் எவருக்குச் சிரிப்பு வரும்?)

ஆ. சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் ஆப்பைப் பிடுங்கிவிட்டு அவரை மறுபடி கூட்டிப் போகிறாள். கல் ஆடுகிறது. (இது எனக்குப் பிடித்திருந்தது, பக்கம் பக்கமாக எழுதினேன். அப்புறம் மழை நினைவுக்கு வந்தது. நனைந்த மரம் உப்பும். எங்கள் பக்கத்தில் முன்பு பாறையைப் பிளந்ததே காய்ந்த ஆப்பை அடித்து நீர் ஊற்றித்தான். அந்த ஆப்பு இனி அவள் கைக்கு வராது. பாறைக்குக் கீறல் விழாமல் அதை எடுக்கத் தெரிந்த குவாரிக்காரர் அதோ அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.)

இ. அவரே போய்க் கண்டுபிடிக்கிறார். (எப்படி? அந்தப் பக்கம் இனி அவர் தலை வைத்துப் படுக்க…)

7

அலோயிஸ் போனை எடுத்துவிட்டார். எண்ணை அழுத்தியும் ஆயிற்று. இந்நேரத்தில் பிரெல் தோட்டத்தில் தன் முயல் கூண்டுகளுக்கு நடுவே இருப்பார். வந்து எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எனக்கு மிச்சமிருக்கும் இடமும் அவ்வளவுதான்.

ரோஸ்விதா சொல்லத்தான் போகிறாள். அதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. ஆனால் எந்த வார்த்தையில் என்பதை நான் எழுதினால் அது என் சாமர்த்தியமாகிவிடும். நீங்களும் உங்கள் வீட்டில் யாரையோ காப்பதாக நினைத்து, அவரிடம் கேட்காமல், எங்கேயோ எதையோ செருகி வைத்திருப்பீர்கள். என்னைவிட உங்களுக்குத்தான் அந்த வார்த்தைகள் தெரியும். மறுமுனையில் இன்னும் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

"மாமா, போனை வெச்சுட்டு ஒரு நிமிஷம் உக்காருங்க. உங்க கைக்கு எதுவும் மறக்கல. அந்தக் கல்லுல நான்…