பானு மூச்செடுத்த இடம்

பாட்டில் நான் மூச்சு எடுக்கும் இடம் என்னுடையது அல்ல. அது பானுவுடையது. அவளை நான் பார்த்ததில்லை. நான் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே, மே மாதத்தில், அவள் இறந்துவிட்டாள்.

எங்கள் பாடகர் குழுவில் நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர் ஜோஷ்வா அண்ணன் மட்டும்தான். மூன்றாம் ஆண்டு மாணவர், கல்லூரி ஆலயத்தில் கீபோர்டு வாசிப்பவர். மற்ற எல்லோருக்கும் பாட்டு காது வழியாகத்தான் வரவேண்டும். அதனால் ஒவ்வொரு குரலையும் ஒருவரைத் தனியாகப் பாட வைத்துப் போனில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வது எங்கள் பொறுப்பு. ஆல்டோ என்பது பெண்களின் கீழ்க்குரல். அதில் மெட்டு இருக்காது. மெட்டைக் கீழிருந்து தாங்குவதுதான் அதன் வேலை. போன வருடம் ஆல்டோ பாடிப் பதிந்தவள் பானு. இந்த வருடம் அவள் இடத்துக்கு நான் வந்தேன். அந்தப் பழைய பதிவையே எனக்கு அனுப்பினார்கள்.

ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டியில் கல்லூரிக்கு வரும் வழியெல்லாம் அவள் என் காதுக்குள் பாடினாள். பாடத் தொடங்குமுன் உதடு பிரியும் சிறு சத்தம். பின்னால் ஒரு மின்விசிறி. தூரத்தில் ஏதோ ஆலையின் ஹாரன். 'இரவெல்லாம் எனக்காகக் காத்திருப்பவரே' என்ற வரியில் 'காத்தி' வரை வந்து அவள் நிற்பாள். தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்குவதுபோல் ஒரு சின்ன மூச்சு. பிறகு 'ருப்பவரே'.

நான் அதையும் சேர்த்தே கற்றுக்கொண்டேன். பாட்டில் எது சேர்த்தி, எது சேர்த்தியில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

"கவி, நிறுத்து நிறுத்து." பயிற்சியில் ஜோஷ்வா அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "காத்தின்னு பாதில உட்டுட்டு எங்க போற? டீ குடிக்கவா?"

"ருப்பவரு டோல்கேட்டுல மாட்டிக்கினாருண்ணா" என்றான் பரணிதரன். அவன் ஆண்களின் அடிக்குரலான பேஸ் பாடுபவன்; பேச்சும் அதே குரலில்தான் வரும்.

"சிரிக்காதடா தடியா." மெட்டைப் பாடும் மேல்குரல், சோப்ரானோ, ஜெனிபருடையது. அவள் அவன் முதுகில் அடித்தாள். "அவ இன்னா பண்ணுவா? பானு டிராக்குலயே அப்பிடித்தான கீது."

அந்தப் பெயரைக் கேட்டதும் பரணிதரனின் சிரிப்பு நின்றது. வெளியே சிப்காட் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஜோஷ்வா அண்ணன் கீபோர்டின் சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டார்.

"டிராக்க உடு. திரும்ப பாடு."

திரும்பப் பாடினேன். 'காத்தி' வந்ததும் நெஞ்சு தானாக மூடிக்கொண்டது. மூச்சு எடுக்காமல் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. அதைவிட மோசமானதை அவர்களிடம் சொல்லவில்லை. வீட்டில் அப்பாவிடம் மோட்டார் போட்டாச்சா என்று கேட்கும்போதும் சொல்லின் நடுவில் எனக்கு மூச்சு அறுந்தது. அப்பா கவனிக்கவில்லை. நான் மட்டும் நாற்றங்கால் பக்கம் பார்த்தபடி, இப்போது பேசியது யார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று காலைத் திருப்பலியில் எங்கள் கல்லூரி இறந்துபோன தன் மாணவர்களையும் ஆசிரியர்களையும் பெயர் சொல்லி நினைவுகூரும். பெயர்கள் வாசித்து முடிந்ததும் நாங்கள் அந்தப் பாட்டைப் பாடவேண்டும். இந்த வருடம் பானுவின் பெயரும் உண்டு. அவள் அம்மா செல்லியம்மாள் பழவேற்காட்டில் இறால் விற்பவர். முதல்வர் ஃபாதர் அவரையும் அழைத்திருந்தார்.

ஆலயத்துக்குள் போகுமுன் ஜோஷ்வா அண்ணன் என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"இன்னைக்கு மட்டும் அங்க மூச்சு எடுக்காத."

"பழகிப்போச்சுண்ணா. வரமாட்டுது."

"உனக்குப் புரியல கவி. அவளுக்கு நெஞ்சுல வால்வு சுருங்கிப் போயிருந்துச்சாம். யாருக்கும் தெரியாது. பஸ் ஏறசொல்ல உழுந்தா, அதோட முடிஞ்சுது. அந்த மூச்ச ஒரு வருஷம் நாங்க கேட்டோம். சோம்பேறின்னு திட்டுனேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த அம்மா காதுல அது உழக் கூடாது. அவ்ளோதான்."

செல்லியம்மாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஃபாதர் பானு என்று வாசித்தபோது, வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்தார். பாடத் தொடங்கினோம். அந்த வரிக்கு முன்னால் மார்பு நிறையக் காற்றை இழுத்து வைத்துக்கொண்டேன். 'காத்தி' என்றேன். எனக்குள் அவள் நின்றாள். நானும் நின்றேன்.

கடைசி பெஞ்சில் செல்லியம்மாள் எழுந்துவிட்டார். பாட்டு முடியும்வரை உட்காரவில்லை.

வெளியே வந்ததும் நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சொரசொரப்பாக இருந்தது.

"பாப்பா, உனுக்கு மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. எம்பொண்ணும் இப்பிடித்தான் இல்ல இல்லன்னு சொல்லிக்கினு இருந்தா. பேசிக்கினே இருக்கசொல்ல நடுவுல நிப்பா. எறா கூடய தூக்க கள்ளம் பண்றான்னு ஏசுவேன். உங்க ஊட்ல தெரியுமா? வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஜோஷ்வா அண்ணன் கொஞ்ச தூரத்தில் நின்று மெல்லத் தலையை அசைத்தார். சொல்லாதே. இது என் மூச்சு இல்லை, உங்கள் மகளுடையது என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம். சொன்னால், அந்த மூச்சை நாங்கள் எல்லோரும் கேட்டோம் என்பதையும் சொல்லவேண்டும். செல்லியம்மாளோடு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் முன்னும் பின்னும் ஸ்டெதாஸ்கோப் வைத்து நிதானமாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கா."

செல்லியம்மாள் அவரைத் திருத்தவில்லை. தாளை வாங்கி, அதிலிருந்த கோடுகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

"குதுர கணக்கா கீற. இன்னாத்துக்குடி என்ன பயமுறுத்துன?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் ஒரு பஸ்ஸை ஏறாமல் விட்டார், அடுத்ததையும் விட்டார். சிரிப்பு அவர் முகத்தில் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அப்ப அது யாரு மூச்சு?"

எதிரே இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அது போய் முடியும்வரை இருவரும் பார்த்தோம். பிறகு போனை எடுத்தேன். இயர்போனில் ஒன்றை அவர் காதில் வைத்து, மற்றதை என் காதில் வைத்துக்கொண்டேன்.

உதடு பிரிந்தது. மின்விசிறி சுற்றியது. பானு பாடினாள்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னாது, ஒரே எடத்துல நின்னுக்கினு கீது? பாட்டு எங்க?"

"பாட்டு மேல இருக்கும்மா. அத ஜெனிபர் பாடும். பானு கீழ புடிச்சுக்கினு இருக்கும்."

"ஊட்ல அவ பாடி நான் கேட்டதில்ல. மேல கீறத நீ பாடு."

மறுபடி முதலிலிருந்து போட்டு, ஜெனிபரின் மெட்டை மெல்லிய குரலில் பாடினேன். எனக்கு அது உயரம், ஆனாலும் வந்தது. 'காத்தி'யில் பானு நின்றாள். நான் நிற்கவில்லை. 'காத்திருப்பவரே' என்று முழுச் சொல்லும் என் வாயிலிருந்து உடையாமல் வந்தது. நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்ததுபோல் இருந்தது. மாதக்கணக்கில் எனக்குக் கிடைக்காத என் மூச்சு. அந்த நிறுத்தத்தில், அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாட்டு முடிந்தது. செல்லியம்மாள் இயர்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அவ நின்னாளே."

"ஆமாம்மா."

"நீ உட்டுட்டுப் போய்ட்ட."

பழவேற்காடு பஸ்ஸுக்காக நின்றவர்கள் எங்களைச் சுற்றிக் கூடினார்கள், கலைந்தார்கள். அவர் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் போடு" என்றார். "இந்தத் தரம் அவளுக்காக நில்லு."

நின்றால் அந்த மூச்சு திரும்பி வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இனி யார் எடுக்காதே என்று சொன்னாலும் போகாது. பதிவை விரலால் முதலுக்கு நகர்த்தினேன். பிறகு போட்டேன்.

'காத்தி' வந்தது. நின்றேன். காதுக்குள் அவள் மூச்சு எடுத்தாள். என் தோளை ஒட்டிச் செல்லியம்மாளும் எடுத்தார். அதன் பிறகு பாட்டு போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் அதனோடு போகவில்லை.