பதினேழாவது மீட்டரில் வேர்

தங்கை வீடு வாங்கப் போகிறாள் என்ற செய்தி வந்தபோது பெரியவள் ஒரு ஹோட்டலின் பின்பக்கம், திறந்த சாக்கடைக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு போனை எடுத்தாள்.

"அக்கா, வீடு பிடிச்சுப் போச்சு! அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி நீ வந்து கழிவுக் குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பார்த்துச் சொல்லணும். வேற யார் மேலயும் எனக்கு நம்பிக்கை இல்லே."

"வர்றேன்டி. ரொம்ப சந்தோஷம்" என்றாள் பெரியவள். சொல்லி முடிப்பதற்குள் வாய் கசந்துவிட்டது.

பதினான்கு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. நீளமான கேபிளின் நுனியில் கட்டைவிரல் அளவுக் கேமரா இருக்கும். அதைக் குழாய்க்குள் தள்ளித் தள்ளித் திரையில் பார்ப்பாள். எங்கே விரிசல், எங்கே அடைப்பு, எங்கே குழாய் தொய்ந்து தண்ணீர் தேங்குகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். கம்பெனியில் அவளுக்குக் கழுகுக்கண் என்று பட்டப்பெயர். அவள் "தாராளமா வாங்குங்க" என்று சொல்லி வீடு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவள் மட்டும் இன்னும் மூன்றாம் மாடியில், இரண்டே அறை கொண்ட வாடகை வீட்டில் இருந்தாள். ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எழுந்து நாற்காலியை நகர்த்த வேண்டும். காலையில் கழிப்பறைக் கதவுக்கு வெளியே கணவனும் இரண்டு பெண்களும் வரிசையில் நிற்பார்கள்.

பஸ் ஓட்டும் கணவனோடு ஒரு காலத்தில் ஞாயிறு தவறாமல் வீடு பார்க்கப் போனவள்தான். ஒன்றும் அமையவில்லை. பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். தங்கையோ அவளைவிட ஐந்து வயது சின்னவள். இவள் போட்டுக் கழித்த கவுனைப் போட்டு வளர்ந்தவள். இவள் படித்துக் கிழித்த புத்தகத்துக்கு அட்டை போட்டுப் படித்தவள். எல்லாமே இவளுக்கு அப்புறம்தான் அவளுக்கு. இப்போது முதல் தடவையாக அவள் முந்திக்கொண்டு போகிறாள்.

சனிக்கிழமை காலையில் வேனை நிறுத்தும்போதே சின்னவள் வாசலுக்கு ஓடி வந்தாள். கணவனையும் தரகரையும் பின்னால் விட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

"இது சமையலறை. பாத்திரம் தேய்க்கிற இடத்துல ஜன்னல் பாரு, தோட்டம் தெரியுது. கழிப்பறை கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. இங்க வா, இது சாமான் வைக்கிற அறை. சாமானுக்குன்னே ஒரு அறை, அக்கா!"

அந்தச் சாமான் அறை பெரியவளின் பெண்கள் படுக்கும் அறையைவிட ஒரு முழம் பெரிதாக இருந்தது. பெரியவள் அதைக் கண்ணாலேயே அளந்துவிட்டாள்.

"நல்லாயிருக்கு" என்றாள். "குழாய் எப்படின்னு பார்ப்போம்."

தோட்டத்தில் ஒரு வயதான மரம் நின்றது. அதன் அருகே இருந்த மூடியைத் திறந்து கேபிளைத் தள்ளத் தொடங்கினாள். பழைய சுட்ட மண்குழாய். மீட்டர் எண் ஏற ஏறச் சுவர்கள் சுத்தமாகவே வந்தன. ஐந்து, பத்து, பதினான்கு. பொல்லாத ஆசை ஒன்று அவளுக்குள் தலைதூக்கியது. ஏதாவது இருந்து தொலையட்டும். ஒரு குறையும் இல்லாத வீடாகத் தங்கைக்கு அமைய வேண்டாம்.

பதினேழாவது மீட்டரில் இருந்தது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில், மேலிருந்து ஒரு கொத்து மெல்லிய வேர், வாராத தலைமுடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

வேரைத் தாண்டித் தெருக்குழாய் வரைக்கும் கேபிளைத் தள்ளிப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் கல்லுப்போல இருந்தது. இது என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும். அரை நாளில் வேரை வெட்டி எடுத்துவிடலாம். மறுநாள் அந்த இணைப்புக்கு உள்ளே உறை போட்டுவிட்டால் இருபது வருடத்துக்குக் கவலையில்லை. ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்ட வேண்டாம்.

"என்னக்கா, ஏதாவது இருக்கா?" தங்கை குனிந்து திரையைப் பார்த்தாள். வேரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "ஐயோ, இது என்ன?"

"வேர் புகுந்துடுச்சு" என்றாள் பெரியவள். அதுவரை பொய் இல்லை. அதற்கு மேல் வாய் தானாகப் போனது. "ஒரு இடத்துல புகுந்தா லைன் முழுக்கப் போச்சுன்னு அர்த்தம். தோட்டத்துல இருந்து தெரு வரைக்கும் தோண்டி எல்லாத்தையும் மாத்தணும். மரத்தையும் எடுக்கணும். என்னைக் கேட்டா, இந்த வீடு வேண்டாம்."

தரகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கழுகுக்கண்ணை அவருக்கும் தெரியும். மூடிக்கொண்டார்.

சின்னவள் சமையலறைப் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் கணவன் தயங்கித் தயங்கி, "எதுக்கும் இன்னொரு ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டான்.

சின்னவள் நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எங்க அக்கா சொன்னதுக்கு மேல யார் வந்து சொல்லணும்?"

பெரியவள் கேபிளைச் சுற்றத் தொடங்கினாள்.

அன்று மதியம் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். விஷயத்தைக் கேட்ட கணவன், "பாவம், ஆசையா இருந்துச்சே அந்தப் பொண்ணு" என்றான். "ஆமா, பாவம்" என்று சொல்லிவிட்டு, முகத்தில் வந்ததை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் சின்னவள் தனியாக வந்தாள். சாப்பாட்டு மேசையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் எடுக்க அக்காவின் சின்ன மகள் வந்தபோது, யாரும் சொல்லாமலே எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

"நாளைக்கு வேண்டாம்னு சொல்லிடப் போறோம். ராத்திரியெல்லாம் அழுதேன். அப்புறம் நினைச்சுப் பார்த்தேன், நீ மட்டும் இல்லேன்னா வகையா மாட்டியிருப்போம். எங்க பேங்க்ல எல்லார்கிட்டயும் போன் போட்டுச் சொல்லிட்டேன். எங்க அக்கா கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாது, வீடு வாங்கறவங்க அவளைக் கூப்பிடுங்கன்னு. அஞ்சு பேர் உன் நம்பர் வாங்கியிருக்காங்க."

பெரியவளுக்கு உட்கார முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அந்த வீட்டை விடாதே" என்றாள்.

"என்னது?"

"தோண்ட வேண்டாம். மரத்தை எடுக்க வேண்டாம். ஒரே ஒரு இணைப்புலதான் வேர். வெட்டிட்டு உறை போட்டா முடிஞ்சது. ரெண்டு நாள் வேலை. மத்த லைனெல்லாம் நல்லாயிருக்கு."

"நேத்து முழுக்கப் போச்சுன்னு சொன்னியே. இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"நேத்தே தெரியும்."

"தெரிஞ்சுமா?" சின்னவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "எதுக்கு?"

"வயிறு எரிஞ்சுது. அந்தச் சாமான் அறையைப் பார்த்தேன். உனக்கு எல்லாம் கிடைக்குதே, எனக்கு ஒண்ணும் வாய்க்கலியேன்னு." அதற்கு மேல் அழகாகச் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை.

சின்னவள் எழுந்தாள். "நான் படியில உட்கார்ந்து அழுதேன். நீ பார்த்துக்கிட்டே கேபிளைச் சுத்தினியே" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மூன்று மாடிக்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

பிறகு நடந்தது தரகர் மூலமாகத்தான் பெரியவளுக்குத் தெரிந்தது. சின்னவள் வேறு கம்பெனியிலிருந்து ஆள் வைத்துப் பார்த்தாள். அவரும் ஒரே இணைப்பு, இரண்டு நாள் வேலை என்றுதான் சொன்னார். வீட்டை வாங்கினார்கள். வேரை வெட்டியதும் உறை போட்டதும் அந்தக் கம்பெனிதான். தன் தங்கை வீட்டுக் குழாயில் வேறொருவர் கேமரா போனது, அந்த வீட்டைவிடப் பெரிய எரிச்சலாக இருந்தது பெரியவளுக்கு. பேங்கிலிருந்து அந்த ஐந்து பேரில் ஒருவரும் கூப்பிடவில்லை. தங்கைக்கு அவளாகப் போன் செய்தபோதெல்லாம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை தங்கையே கூப்பிட்டாள்.

"நாளைக்குப் புது வீட்டுல சாமான் இறக்குறோம். தோணினா வா." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

பெரியவள் கணவனையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆண்கள் கீழே கட்டிலைக் கழற்றுவதா நிமிர்த்துவதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "மெத்தைக்கு ஒரு கை குடு" என்றாள். அவள் மேலே, இவள் கீழே. பாதிப் படியில் மூச்சு வாங்கி நின்றார்கள். இடையில் மெத்தை இருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"இன்னும் எரியுதா?" என்று மேலேயிருந்து கேட்டாள் சின்னவள்.

பெரியவள் யோசித்தாள். "எரியுது" என்றாள். "அன்னைக்கு அளவு இல்லே."

மேலே சின்னவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

"எனக்கும் கோபம் போகலே" என்றாள். "ஆனா இப்ப எனக்குக் கை வலிக்குது. வலப்பக்கம் தூக்கு, சுவத்துல இடிக்குது."

பெரியவள் வலப்பக்கம் தோள் கொடுத்துத் தூக்கினாள்.