தகட்டில் எட்டு ஓட்டை

ஹார்லனின் முதல் குண்டு டெல்பர்ட்டின் தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. அவன் அலறியபடி ஆன்டெனா கம்பத்தடியில் விழுந்தான். கூட வேலை செய்துகொண்டிருந்த வெர்னா தன் பெல்ட்டை உருவி, அவன் தொடையை இறுக்கிக் கட்டினாள்.

கெண்டக்கி மலைகளுக்கு நடுவிலிருந்த அந்தப் பள்ளத்தாக்குக்கு முதன்முதலாக செல்போன் சிக்னல் கொண்டுவந்தவர்கள் அவர்கள் இருவரும்தான். மலைமுகட்டில் நிறுத்திய அகன்ற அலுமினியத் தகடு, அப்பாலிருக்கும் டவரின் அலையைக் கண்ணாடிபோலக் கீழே திருப்பிவிடும். கம்பத்து ஆன்டெனா அதைப் பிடித்துக் கொடுக்கும்.

அங்கே போதை மருந்து காய்ச்சும் ஹார்லனுக்கு அது பிடிக்கவில்லை.

"என் வீட்டுப் புகையைப் பாத்து எவனாவது ஷெரிஃபுக்கு போன் போடணும், அதானே உங்க திட்டம்?"

"உன் நாத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் போகுது. அதுக்கு போன் எதுக்குடா?" என்றாள் வெர்னா.

ஹார்லன் துப்பாக்கிக் கட்டையால் அவளை ஓங்கி அடித்தான். அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்தது. அடுத்த அடி கம்பத்தில் விழ, உச்சியிலிருந்த ஆன்டெனா தலைகவிழ்ந்து தரையைப் பார்த்தது. பிறகு அந்தப் பக்கத்து ஆண்கள் பொழுதுபோக்காகச் சாலைப் பலகையைச் சுடுவதுபோல, முகட்டுத் தகட்டில் எட்டுக் குண்டுகளை நிதானமாக இறக்கினான்.

"சல்லடை! உன் சிக்னல் எல்லாம் ஒழுகிப்போச்சு!"

சிரித்தபடி தோட்டா நிரப்பக் குனிந்தான். வெர்னாவின் ஸ்பேனர் அவன் முழங்காலை உடைத்தது. இரண்டாவது வீச்சு விரல்களை நசுக்கியது. மூன்றாவது தாடையில் இறங்கியது. துப்பாக்கியைப் பக்கத்து ஓடையில் எறிந்தாள்.

"வெர்னா... தூக்கம் வருது," என்றான் டெல்பர்ட். பெல்ட்டையும் மீறி ரத்தம் வழிந்தது.

"தூங்கினே, நானே உன்னைக் கொன்னுடுவேன்."

அவள் போனை எடுத்ததும் ஹார்லன் ரத்தத்தைத் துப்பினான். "கூப்பிடு, கூப்பிடு. எவன் காதுல விழுதுன்னு பாக்கலாம்!"

அலையைத் தண்ணீர் என்று நினைத்துவிட்டான் அந்த முட்டாள். ஒரு சாண் நீள அலைக்கு விரல் அகல ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. தகடு சாயாமல் நின்றால் போதும். கெட்டுப்போனது ஆன்டெனாவின் திசைதான்.

ஒற்றைக் கையால் கம்பமேறினாள். திருகாணியைத் தளர்த்தி, ஆன்டெனாவைத் தோளால் முட்டி முகட்டுப் பக்கம் நிமிர்த்தினாள். போனில் ஒரு கோடு வந்தது, போனது. பல்லைக் கடித்து இன்னும் கொஞ்சம் முட்டினாள். மூன்று கோடுகள்.

"911. என்ன அவசரம்?"

"தொடையில குண்டு. ரத்தம் நிக்கல. ஹெலிகாப்டர் அனுப்புங்க!"



ஹெலிகாப்டர் வரும்வரை இருபத்திரண்டு நிமிடங்கள் டெல்பர்ட் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இருந்தான். கன்னத்தில் அறைந்து அறைந்து அவள்தான் திட்டவைத்தாள். ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஏற்றும்போதும் அவன் நிறுத்தவில்லை.