சக்கரத்தின் இடப்புறம்

சுண்ணாம்புக் கோடு என் சக்கரத்தின் அடியிலிருந்து வலப்புறமாக நழுவிச் செல்கிறது, கோடு அசையவில்லை, நான்தான் இடப்புறம் வளைகிறேன், ஒற்றைச் சக்கர வண்டியின் இருக்கையில் அமர்ந்தவாறே நீளம் தாண்டும் மணற்குழிக்குள் மறுபடியும் போய் இறங்குகிறேன், பள்ளியின் வாயிற்காவலர் தங்கப்பழம் சிரிக்கிறார், என்னக்கா, சர்க்கஸ் கூடாரம் இன்னும் அங்கனயே நிக்குதோ, வகுப்பறைகளைப் பெருக்கும் எனக்கு விளையாட்டு விழா அணிவகுப்பின் முன்னால் செல்லும் வாய்ப்பு நாளை ஒரே முறைதான் வரும், கோட்டு மேல நேராப் போயிருவீங்களாக்கா என்று விளையாட்டு ஆசிரியை கேட்டபோது, இருபத்திரண்டு வருசம் ஓட்டுனவகிட்ட கேக்குற கேள்வியா டீச்சர் இது என்று தலை நிமிர்ந்து சொன்னவள் நான், அந்த இருபத்திரண்டு ஆண்டுகளிலும் சர்க்கஸின் வட்ட அரங்கைத் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை என்பது அப்போது என் நினைவிற்கு வரவில்லை.

அந்த நாட்களில், மரத்தூள் பரப்பிய அரங்கில் நானும் ரோசம்மாளும் ஆளுக்கொரு சக்கரத்தில் கைகோத்துச் சுற்றுகிறோம், அவள் உட்புறம், நான் வெளிப்புறம், என் இடக்கை அவளுடைய வலக்கைக்குள், ஏட்டி, சக்கரத்தப் பாக்காத, என் பக்கமா சாஞ்சுக்க, நான் உன்ன விட்டுருவனா என்கிறாள், அவளுடைய முகப்பவுடரின் மணம், எங்களுக்குப் பின்னால் இரண்டு தடங்கள் பிரியாமல் வளைந்து வருகின்றன, திருமணமாகி அவள் சிவகாசிப் பேருந்தில் ஏறிய நாளிலும், அழாதட்டி, சுத்திச் சுத்தி இங்கதான வருவேன் என்கிறாள், பேருந்து நேராகச் செல்கிறது, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை இரண்டு முறை வந்தது, மூன்றாம் ஆண்டு வரவில்லை, பதினொரு ஆண்டுகளாக அந்தப் பேருந்து நேராகவே சென்றுகொண்டிருக்கிறது.

மறுநாள், முரசு ஒலிக்கிறது, விழா தொடங்கிவிட்டது, மாணவிகள் எனக்குப் பின்னே அணிவகுத்து நடக்கிறார்கள், கோடு மீண்டும் நழுவத் தொடங்குகிறது, அக்கா, கோடு, கோடு என்று ஆசிரியை பதறுகிறார், அப்போதுதான் காண்கிறேன், என் இடக்கை பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் எதையோ பற்றியவாறு மடங்கியிருக்கின்றன, விட்டுருட்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அல்லது அவள்தான் சொன்னாளோ, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன், உள்ளங்கையில் காற்று படுகிறது, சாய்ந்தே பழகிய உடல் நிமிர்கிறது, சக்கரம் கோட்டின் மேல் ஏறிக்கொள்கிறது, பிறகு விலகவேயில்லை, கைத்தட்டல் எழுகிறது, தங்கப்பழம் விசில் அடிக்கிறார், கோடு முடிந்த இடத்தில் நிற்க இயலாமல் இன்னும் சிறிது தூரம் சென்று இறங்கித் திரும்பிப் பார்க்கிறேன், சுண்ணாம்பு படிந்த என் சக்கரம் கோடு முடிந்த பின்னும் ஒரு வெண்கோட்டைத் தானே இழுத்து வந்திருக்கிறது, நேராக, அதன் இடப்புறத்தில் வெறும் மண்.