பதினேழாம் குழாய்

பதினேழாம் எண் நோயாளியுடையது என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். உறையைப் பிரித்தபோது, பதினேழு நோயில்லாதவர்கள் வரிசையில் இருந்தது.

மொத்தம் நாற்பது ரத்த மாதிரிகள். இருபது, கணையப் புற்றுநோய் உறுதியானவர்களுடையவை. மற்ற இருபது நன்றாக இருப்பவர்கள் கொடுத்தவை. எது யாருடையது என்று சோதிப்பவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பதிவாளர் எல்லாக் குழாய்களிலும் வெறும் எண்களை ஒட்டி, பட்டியலை உறையிலிட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

அவளுடைய ஐந்து வருட உழைப்பு அந்த உறைக்குள் இருந்தது. கண்ணாடிச் சில்லின் மேல் தங்க நுண்துகள்களைப் படியவைத்து, ஒவ்வொன்றிலும் கொக்கி போல ஒரு மரபிழைத் துண்டைப் பொருத்தியிருந்தாள். அந்த நோயில் ரத்தத்தில் அதிகமாகும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்மூலக்கூறு வந்து கொக்கியில் மாட்டினால், தங்கத்தின் மேல் பட்டு வரும் ஒளியின் நிறம் மயிரிழை அளவு சிவப்புப் பக்கம் நகரும். அந்த மயிரிழையை அளப்பதுதான் அவள் செய்த கருவியின் வேலை.

முப்பத்தொன்பது சரி. ஒன்றுதான் தப்பு. அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியை முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு வந்தது. அந்த ஒன்று யாருடையது என்று கேட்டார். பதிவாளர் விரலை வைத்துப் படித்தார்.

"ஆய்வாளரின் அண்ணன். வயது ஐம்பத்தொன்று."

ஆய்வாளர் அவள்தான். பட்டியலை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள்.

பத்தொன்பது பேர் கிடைத்து, இருபதாவது ஆள் கிடைக்காமல் அண்ணனைக் கேட்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுகிற மனிதனுக்கு ஊசி என்றால் உதறல். ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டேன் என்றதால், வழக்கத்தை மீறி அவளே ஊசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். முதல் குத்தில் கையை இழுத்துவிட்டான். பிறகு மெல்லிய ஊசியைப் போட்டு, அவன் மனம் மாறுவதற்குள் வேகமாக உறிஞ்சி எடுத்தாள்.

அந்த வேகத்தில்தான் இப்போது அவளுக்கு நம்பிக்கை பிறந்தது. மெல்லிய ஊசியில் இழுத்து உறிஞ்சினால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள்ளும் அதே மைக்ரோ ஆர்.என்.ஏ. உண்டு. உடைந்தால் அளவு எகிறும். நோயே இல்லாமல் நோய் காட்டும். பேராசிரியையும் அதைத்தான் நினைத்தார்.

"அணு உடைஞ்சிருந்தா அந்த மாதிரியைத் தள்ளிடலாம். விதியிலேயே இருக்கு. நீ வெச்சப்போ சீரம் எப்படி இருந்துச்சு?"

சீரம் என்பது ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீர். அந்தக் குழாயை உறைபெட்டியில் வைக்குமுன் வெள்ளைத் தாளுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். வைக்கோல் நிறமாக இருந்தால் 'தெளிவு', ரோஜா நிறம் தட்டினால் 'கலங்கல்'. அவள் பதிவேட்டைத் திறந்தாள். பத்தாம் எண்ணில் 'தெளிவு' என்று எழுதி, அதற்குக் கீழே இருபது வரை ஒரே மூச்சில் மேற்படி, மேற்படி, மேற்படி. அவள் கையெழுத்துதான். பதினேழைத் தாளுக்கு நேரே பிடித்தாளா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மறைக்கவில்லை, சொல்லிவிட்டாள். பேராசிரியை திட்டவில்லை. அதே ரத்தத்தில் இன்னொரு குழாய் உறைபெட்டியில் இருக்குமே, போய்ப் பார் என்று மட்டும் சொன்னார்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். ஐந்து வருடமாக இந்தக் கருவி பொய் சொல்லக் கூடாது என்று பாடுபட்டவள், இந்த ஒரு முறை பொய் சொல்லியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு குழாயை உருக வைத்தாள். தாளுக்கு நேரே பிடித்தாள். வைக்கோல் நிறம். ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் மறுபடி பிடித்தாள். ஒரு பொட்டு சிவப்பு இல்லை.

புதுச் சில்லில் மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் ஒளி அதே இடத்துக்கு நகர்ந்து நின்றது.

ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்வதில்லை என்று படிவத்தில் இருந்தது. பேராசிரியை நெறிமுறைக் குழுத் தலைவரிடம் அரைமணி நேரம் வாதாடி அனுமதி வாங்கினார்.

"நோய்னு சொல்லாதே. கருவி இன்னும் பரிசோதனையிலதான் இருக்கு. ஒரு அளவு சந்தேகமா வருது, டாக்டரைப் பாத்துடலாம்னு சொல்லு. நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

சாயங்காலம் அவள் போனபோது அண்ணன் வேலைச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டா ரத்தக்காட்டேரி. போன தடவை எடுத்தது தீந்துடுச்சா பொடிசு?"

அவள் சிரிக்கவில்லை. சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னாள். அவன் சட்டையைக் கையில் வைத்தபடியே கேட்டான். தனக்கு வலி கிடையாது, தூக்கம் நன்றாக வருகிறது, இந்த மாதம் வேலை நெருக்கடி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அடுக்கினான்.

அண்ணி மடிப்பதை நிறுத்தினாள். "ரெண்டு மாசத்துல உங்க பேன்ட் இடுப்பை ரெண்டு தடவை புடிச்சுத் தெச்சிருக்கேன்."

"தினம் மாடி மாடியா ஏறி இறங்குறவன் இளைக்காம என்ன செய்வான்? இப்ப அது எதுக்கு?"

அவன் தங்கையைப் பார்த்தான். "உன் மிஷின் தப்பு பண்ணாதா?"

"பண்ணும்ணா. பண்ணியிருக்கணும்னுதான் நானும் பாக்கறேன்."

"அப்போ அஞ்சு வருஷமா நீ பாடுபட்டது?"

"போனாப் போகட்டும்."

அண்ணன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் எதற்கும் விட்டுக்கொடுத்துப் பேசி அவன் கேட்டதில்லை. சின்ன வயதில் கேரம் போர்டில்கூடத் தோற்க மாட்டாள். அவள் இப்படிச் சொன்னதுதான் அவனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"ஊசி போடுவாங்களா?"

"ஸ்கேனுக்கு ஒண்ணு போடுவாங்க."

"நீ கூட வா" என்றான்.

மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையில் விரல் வைத்துக் காட்டினார். கணையத்தின் வால் பக்கம், பட்டாணி அளவுக்கு ஒரு நிழல். வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை என்றார். இந்த நோயில் இவ்வளவு சீக்கிரம் வருகிறவர்கள் அபூர்வம், அடுத்த வாரமே அறுத்து எடுத்துவிட்டால் நல்லது, அதற்குப் பிறகு நடப்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார். அண்ணி ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். அண்ணன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் பேராசிரியையின் போன் வந்தது. அவள் வராந்தாவின் கோடிக்கு நடந்துபோய் எடுத்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"சரியாத்தான் காட்டியிருக்கு மேடம்."

அவள் பல வருடமாகக் கேட்கக் காத்திருந்த பாராட்டை, நல்லவேளையாக, அந்த அம்மாள் சொல்லவில்லை.

"எந்த மாடி?" என்று மட்டும் கேட்டார். "நான் வரேன்."