மூன்றாம் வரிசையில் மாறன்

பனிச்சரிவில் புதைந்து பத்து மாதம் கழித்து, 1990 ஆவணி முதல் தேதி காலை ஆறு மணிக்கு, வேங்கிக்கால் மைதானத்தில் பெயர் கூப்பிட்டபோது மாறன் "ஹாஜர் சாப்" என்று பதில் சொன்னான். குரல் மூன்றாம் வரிசையில் அவன் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து வந்தது. அங்கே ஆள் இல்லை. சுபேதார் ராஜமாணிக்கம் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் கூடும் பகுதிநேரப் பட்டாளம் அது. மற்ற நாட்களில் அவர்கள் பஸ் கண்டக்டர்கள், நெசவாளிகள். மாறன் கோயில் பக்கத்து லாட்ஜில் மேனேஜர். 1989இல் வடக்கு எல்லைக்குப் போனவர்களில் அவன் மட்டும்தான் திரும்பவில்லை. உடல் வந்து சேராதவன் பெயரை அடிக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்தப் பட்டாளத்தின் வழக்கம். ஆனால் அப்படிக் கூப்பிடப்பட்ட எவனும் அதுவரை பதில் சொன்னதில்லை.

அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருந்த அவன் மனைவி பாஞ்சாலை மறு வருடம் வேலியோரம் வந்து நின்று அதைக் கேட்டாள். அவன் குரலில் சளி கட்டியிருந்தது. "ஏங்க, நான்தான் வந்திருக்கேன்" என்றாள். வரிசையில் நிற்பவன் பேசக் கூடாது, அவன் பேசவில்லை. வருடத்துக்கு வருடம் அவன் இருமல் ஜாஸ்தியானது. ஊரில் அவளை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவும் இல்லை, துக்கம் விசாரிக்கவும் இல்லை. இறப்புச் சான்று கேட்டு அவள் எழுதிய ஏழு மனுக்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது: வருகை பதிவாகியிருக்கிறது.

"அவரு பேரை அடிச்சிடுங்க சார். நீங்க கூப்பிடறதாலதான் அந்தக் குளிர்ல நின்னுட்டிருக்காரு."

"அது வழக்கம்மா. என்னால மாத்த முடியாது" என்றார் சுபேதார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

2003இல் அந்தப் பட்டாளத்தைக் கலைத்தார்கள். கடைசி நாள், ராஜமாணிக்கம் வேலியோரம் ஒருமுறை பார்த்தார். பிறகு, பட்டாள வரலாற்றில் முதல் தடவையாக, ஒரு பெயரைத் தாண்டிப் படித்தார். மைதானம் அமைதியாக இருந்தது. பாஞ்சாலை பெருமூச்சு விட்டாள். அப்போது, யாரும் கூப்பிடாமலே, இருமலுக்கு நடுவில் அந்தக் குரல் வந்தது: "ஹாஜர் சாப்."

சுபேதார் அழுதார். பாஞ்சாலை அழவில்லை. "விடுங்க சார், அவருக்கே போவணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். வீட்டில் தாலியைக் கழற்றிச் சர்க்கரை டப்பாவில் போட்டு மூடினாள். மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்காகக் கடையைச் சீக்கிரம் திறக்க வேண்டியிருந்தது.

மைதானத்தில் இப்போது வீடுகள் வந்துவிட்டன. மூன்றாம் வரிசை இருந்த இடத்தில் அன்வர் பாஷாவின் சமையலறை இருக்கிறது. ஆவணியிலும் புரட்டாசியிலும் காலை ஆறு மணிக்கு அங்கே ஒருவன் பதில் சொல்கிறான். அதைக் கேட்டதும் அன்வர் பாஷாவின் மனைவி ஜாஹிரா அடுப்பிலிருந்து பாலை இறக்குகிறாள்.